சாரல் வண்டி – 17: ஒழுகிய ஏசி

குற்றாலத்தில் ஐந்தருவி இருப்பது ஊரறிந்த விஷயம். ஆறாவதாக ஒன்று, சீசனுக்கு வருகிறவர்கள் தங்கக் காளீஸ்வரி வாடகைக்கு விடும் கேரவனுக்குள்ளேயே கொட்டியதுதான் போன வாரக் கூத்து.

படிக்கத் தவறியவர்களுக்காக இரண்டே வரி. மேட்டில் ஏறிக்கொண்டிருந்த வண்டியை, குறுக்கே வந்த மாட்டுக்காக டிரைவர் செல்லப்பா சட்டென்று நிறுத்த, கூரை ஏசியில் தேங்கிக் கிடந்த தண்ணீர் அரைக் குடம், விருதுநகர்க்காரர் ஒருவர் தலையில் அப்படியே இறங்கியது. அவர் நல்ல மனுஷன், "குளிக்கத்தானே வந்தோம்" என்று சிரித்தார். அவர் மருமகள் சிரிக்கவில்லை. மெத்தை நனைந்து, பை நனைந்து, மறுநாள் காலையிலேயே அவர்கள் லாட்ஜைப் பார்த்துப் போய்விட்டார்கள்.

செய்தி காளீஸ்வரியின் ஊரான குத்துக்கல்வலசையிலிருந்து ஆலங்குளத்துக்கு எட்ட எவ்வளவு நேரம் ஆகும்? காளீஸ்வரியின் அண்ணன் மணிமுத்து அன்று சாயங்காலமே பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார்.

மணிமுத்து பொல்லாதவர் இல்லை. தங்கை மேல் உசிர். அந்த உசிரைத் திட்டித்தான் காட்டுவார், அதுதான் சங்கடம். ஆலங்குளத்தில் டிபன் கடை வைத்திருக்கிறார். இந்த வண்டி தன் கைக்கு வந்தால் ரோட்டோரம் நடமாடும் கடை ஒன்று போடலாம், தங்கச்சியும் இந்த அல்லாட்டம் இல்லாமல் இருப்பாள் என்பது அவர் நினைப்பு.

"வியாழக்கிழமை மதுரை ஆளுவ வாராவல்லா? அவிய மூணு நாளும் நனையாமத் தங்கிட்டுப் போனாச் சரி. ஒரு சொட்டு விழுந்தாலும் வண்டி எனக்கு. என்ன மாப்ள?" என்று காளீஸ்வரியின் கணவர் பாண்டித்துரையைக் கேட்டார். பாண்டித்துரை தலையை ஆட்டிவிட்டார்.

அந்த வியாழக்கிழமைதான் இன்று.

வண்டி போனால் போகிறது என்று காளீஸ்வரியால் இருக்க முடியாது. அதற்குக் காரணம் உண்டு.

பங்குனியில், அந்த ஏசியைக் கூரையில் ஏற்றிப் பொருத்தும்போதுதான் பாண்டித்துரை மேலிருந்து விழுந்தார். தொடையில் கம்பி வைத்தார்கள். இருபத்தைந்து வருஷம் டூரிஸ்ட் வேன் ஓட்டிய மனுஷன் இரண்டு மாதம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக் கிடந்தார். பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை. பாதியில் நின்ற வேலையை ஆசாரியைப் பிடித்து, வெல்டரைப் பிடித்து, கட்டில், அடுப்பு, கழிப்பறை என்று காளீஸ்வரிதான் முடித்தாள். வண்டி ரோட்டில் இறங்கிய அன்றைக்குத்தான் அவர் கம்பை ஊன்றித் தானாக வாசலுக்கு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏ செல்லப்பா, கிளட்ச்ச மிதிச்சே வச்சிருக்காத வே!" என்று ஒரு அதட்டல் போட்டார் பாருங்கள், அந்தச் சத்தத்தைக் கேட்டு அடுப்படியில் நின்று அழுதாள் காளீஸ்வரி.

வண்டி போய்விட்டால் அந்த நாற்காலி உள்ளே போய்விடும். அவரும் கட்டிலுக்குப் போய்விடுவார். இன்னொரு தடவை அவரை எழுப்பத் தன்னிடம் தெம்பு இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

காலை எட்டு மணிக்கே மணிமுத்து அளவு டேப்போடு வந்துவிட்டார். வண்டிக்குள் ஏறி நீளத்தை அளந்தார், அகலத்தை அளந்தார்.

"இங்கன தோசக்கல்லு. அங்கன இட்லிக் கொப்பரை. இந்தக் கட்டில அறுத்துட்டா பாத்திரம் கழுவ எடம்."

"அண்ணே, மதுரை ஆளுக இன்னும் ரயிலே ஏறல. அதுக்குள்ள கட்டில அறுக்கியா?"

"அளந்து வைக்கதுல என்னட்டி தப்பு? பொண்ணு பாக்கப் போனா உயரம் பாக்கது இல்லியா?"

"நிச்சயம் ஆகாத பொண்ணுக்குத் தாலி செய்யாத" என்று சொல்லிவிட்டுக் காளீஸ்வரி கேட்டைப் பார்த்தாள். மெக்கானிக் பிரின்ஸைக் காணோம்.

சாரல் அடிக்கிற ஊரில் ஏசி எதற்கு என்று கேட்பீர்கள். நம்மைக் கேட்டால் எதற்கும் இல்லைதான். ஆனால் காசு கொடுத்து வருகிறவர்களுக்குக் கொசு வரக் கூடாது, குரங்கு வரக் கூடாது, ஜன்னலைச் சாத்திக்கொண்டு குளிரவும் வேண்டும். அதனால் சீசனில் பிரின்ஸுக்கு மூச்சு விட நேரமில்லை. தென்காசிக்கும் குற்றாலத்துக்குமாகப் பைக்கில் பறந்துகொண்டிருந்தவன், பத்தரை மணிக்கு வந்து சேர்ந்தான்.

"இருபது நிமிசம்தான் அக்கா. அங்கன ஒரு லாட்ஜ்ல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வேர்த்து விறுவிறுத்து உக்காந்திருக்காவ."

முதலில் உள்ளே இருந்து மூடியைக் கழற்றிப் பார்த்தான். கேஸ் சரியாக இருக்கிறது என்றான், ஃபில்டர் சுத்தமாக இருக்கிறது என்றான். பிறகு ஏணியைச் சாத்திக் கூரைக்கு ஏறினான்.

பாண்டித்துரை வழக்கம்போல நாற்காலியில் இருந்தார். ஆனால் வழக்கம்போல அதட்டவில்லை. இப்படிச் செய், அப்படிச் செய் என்று ஒரு வார்த்தை இல்லை. கம்பின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். வண்டியைப் பற்றிய கவலை என்று காளீஸ்வரி நினைத்துக்கொண்டாள்.

மேலே இருந்து பிரின்ஸ் சத்தம் போட்டான்.

"ஏக்கா! ஏறி வந்து பாருங்க இந்தக் கூத்த. எந்தக் கூறுகெட்ட பய இத அடச்சது?"

கிணற்றை எட்டிப் பார்த்தாலே தலை சுற்றுகிறவள் காளீஸ்வரி. ஆனாலும் ஏறினாள். கீழே பார்க்காமல், கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறிக் கூரைக்கு மேல் தலையை நீட்டினாள்.

"ஏசி ஓடுனா அதுக்கு வேர்க்கும்லா அக்கா? அந்தத் தண்ணி இந்த அடி ஓட்ட வழியாக் கூரையில எறங்கி, வெளிய ஓடிரணும். இங்கன பாருங்க, சுத்தி ஒரு எடம் விடாமப் பசை வச்சு அடச்சிருக்கு. தண்ணி எங்க போவும்? உள்ளதான் வரும். வண்டி மேட்டுல சாஞ்சா மொத்தமாக் கொட்டிரும்."

"மழை உள்ள எறங்கிரக் கூடாதுன்னு..."

"மழைய நிறுத்த அடியில ரப்பர் இருக்குக்கா. அது போதும். சாரலுக்குப் பயந்துல்லா அடச்சிருக்காவ!"

இது நம் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. மற்ற ஊரில் மழை மேலே இருந்து விழும், குடை பிடித்தால் தீர்ந்தது. இங்கே சாரல் பக்கவாட்டில் வரும், கீழே இருந்தும் வரும், பூட்டிய பெட்டிக்குள் இருக்கிற பட்டுப்புடவையையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகும். ஆடி பிறக்கும் முன் கண்ணில் படுகிற இடுக்கையெல்லாம் அடைத்துவிட வேண்டும் என்பது இங்கே பிறந்தவர்களின் ரத்தத்தில் ஊறியது. உள்ளே இருந்து வெளியே போக வேண்டிய தண்ணீர் என்று ஒன்று இருக்கும் என்று யார் கண்டது?

காளீஸ்வரி அந்தப் பசையைப் பார்த்தாள். வெள்ளைப் பசை. ஏசியின் அடியைச் சுற்றி, விரலால் இழுத்து இழுத்துப் பூசியது. மூன்று விரல் தடம். கீழே இரண்டு கோடும் பளிச்சென்று இருந்தன. மேல் கோடு மட்டும் பாதியில் மங்கியிருந்தது.

மங்கிய கோட்டை அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

இருபத்திரண்டு வருஷமாக அவள் காலையில் எழுந்து பார்க்கிற நெற்றி அது. பாண்டித்துரை விபூதி பூசினால் மேல் கோடு எப்போதும் இப்படித்தான் விழும். கல்யாணத்துக்கு முன்பே, வேன் இன்ஜினில் ஃபேன் பெல்ட் அவருடைய ஆள்காட்டி விரல் நுனியைக் கொண்டுபோய்விட்டது.

அந்தப் பசை டியூபை வாங்கி வந்தவள் அவள்தான். ஆனி கடைசியில் கடையத்துக்கு ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் டியூப் காலியாகக் கிடந்தது. செல்லப்பா பூசியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள், கேட்கவும் மறந்துவிட்டாள்.

செல்லப்பா இல்லை. இவர் ஏறியிருக்கிறார். கம்பி வைத்த காலோடு, இந்த ஏணியில்.

அதுவும் எப்படிப்பட்ட மனுஷன்? வைகாசியில், அப்படி அவர் எழுந்து வாசலுக்கு வந்த மறுநாள், ஊருக்கு வெளியே இருக்கிற சுடலைமாடன் கோயிலுக்கு அவளே அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். "இனி ஏணியில காலு வைக்க மாட்டேன்" என்று சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார். மணிமுத்து அண்ணன்தான் பக்கத்தில் நின்று சூடம் ஏற்றிக் கொடுத்தது. சுடலை முன்னால் சொன்ன சொல்லை மீறுவது என்றால் இந்தப் பக்கத்தில் பச்சைப் பிள்ளைகூடப் பயப்படும்.

கோபம் வந்தது அவளுக்கு. இறங்கி அந்தச் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போல வந்தது. ஆனால் கீழே வண்டிக்குள் அண்ணன் இருக்கிறார். உண்மை தெரிந்தால் என்ன சொல்வார்? சாமிக்கே சொன்ன சொல் நிற்கவில்லை, இவன் தொட்டது எதுவும் உருப்படாது என்பார். அந்த ஒரு வார்த்தை போதும், இவர் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ள.

"யாருக்கா அடச்சது?" என்று பிரின்ஸ் மறுபடி கேட்டான்.

"பையப் பேசேன். நாந்தான்" என்றாள் காளீஸ்வரி.

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் மணிமுத்துவுக்குப் பாம்புச் செவி. டேப்பும் கையுமாக வெளியே வந்துவிட்டார்.

"நீயா? ஏட்டி, ஒனக்கு எதுக்கு இந்த வேலை? தெரியாத தொழிலத் தொட்டவனும் கெட்டான்னு சும்மாவா சொன்னாவ? நல்லா இருந்த ஏசிய நீயே அடச்சு, வந்தவன் தலையில நீயே தண்ணிய ஊத்தியிருக்க! இதுல நாலு ஊருக்கு வண்டி விடுதாளாம் வண்டி! மாப்ள, நீராவது ரெண்டு வார்த்தை சொல்லக் கூடாதா?"

பாண்டித்துரை கம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்கவில்லை.

அவர் பேசக் கூடாது என்றுதானே அவள் பொய் சொன்னாள்? அப்புறம் அவர் பேசாமல் இருந்தது ஏன் இப்படி வலிக்கிறது என்று அவளுக்கே விளங்கவில்லை. ஏணியை விட்டு இறங்கி, முகத்தைக் கழுவிக்கொள்ளப் போய்விட்டாள்.

பிரின்ஸ் பிளேடை வைத்துப் பசையைச் சீவி எடுத்தான். ஓட்டைகளில் கம்பியை விட்டுக் குத்தி வழி ஏற்படுத்தினான். உள்ளே வந்து நாலு போல்ட்டையும் ஒரே அளவாக முறுக்கினான். பிறகு மேலே ஒரு வாளித் தண்ணீரை ஊற்ற, அது சமர்த்தாகக் கூரையில் ஓடிப் பின்பக்கம் வழிந்தது.

"ஏசிய மாத்த வேண்டாம் அக்கா, பொழைச்சுக்கிடும். ஆனா தண்ணி நின்னு நின்னு அடி ரப்பரு நைஞ்சு போய்க் கெடக்கு. புதுசு கோயம்புத்தூர்ல இருந்து வரணும், நாலு நாளாவும். அதுவரைக்கும் குத்தாலம் போங்க, வாங்க, ஒண்ணும் ஆவாது. மலை மட்டும் ஏத்திராதிய. செங்கோட்டை தாண்டி வளைவுல வண்டி சாஞ்சு சாஞ்சு போச்சுன்னா மறுபடி உள்ள எறங்கினாலும் எறங்கிரும்."

மத்தியானச் சாப்பாடு பேச்சில்லாமல் நடந்தது. மணிமுத்து இரண்டு தடவை சோறு வாங்கினார், பாண்டித்துரை போட்டதையே பிசைந்துகொண்டிருந்தார்.

"ரசம் ஊத்தவா?"

"வேண்டாம்."

"மோராவது?"

"வேண்டாம் காளி."

மூன்று மணிக்கு வண்டியை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். மதுரை ரயில் வர இன்னும் நேரம் இருந்தது. செல்லப்பா ஓட்ட, பாண்டித்துரை கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்தார். காளீஸ்வரி எதிரே. மணிமுத்து மட்டும் ஏசிக்கு நேர் கீழே அன்றைய பேப்பரை விரித்து, அதற்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு அமர்ந்தார். ஒரு சொட்டு விழுந்தாலும் பேப்பர் சொல்லிவிடுமாம்.

தென்காசியைத் தாண்டியதும் காற்று குளிர்ந்தது. சாரல் கண்ணாடியில் பொடிப்பொடியாக வந்து ஒட்டியது. மேடு வந்ததும் மணிமுத்து, "பிரேக்க மிதிரும் செல்லப்பா" என்றார். செல்லப்பா மிதித்தார். அடுப்பு மேல் இருந்த கரண்டி கீழே விழுந்தது. தண்ணீர் விழவில்லை. "இன்னொருக்க" என்றார். மறுபடி மிதித்தார். அப்படி ஐந்தருவி போய்ச் சேருவதற்குள் ஏழு தடவை மிதித்தாகிவிட்டது, பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஒருவர் வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஐந்தருவியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் செல்லப்பா டீ குடிக்கப் போனார். மணிமுத்து பேப்பரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காய்ந்து கிடந்தது.

"ம்... இன்னைக்குச் சரி" என்றார். சந்தோஷமா வருத்தமா என்று அவருக்கே தெரியாத குரல். "ஆனா நாளைக்கு? இவ கை சும்மா இருக்குமா? இன்னைக்கு ஏசிய அடச்சா, நாளைக்கு எதப் போயி அடப்பாளோ! மாப்ள, நான் சொல்லுதேன்னு நெனைக்காதேயும். மூணு நாளு என்னத்துக்கு? இவ கையில வண்டி இருந்தா உருப்படாது. இப்பமே எங்கிட்ட..."

"மச்சான்."

மச்சானிடம் பாண்டித்துரை அவ்வளவு சத்தமாகப் பேசி எத்தனை மாதம் ஆயிற்று!

"அத அடச்சது அவ இல்ல." வலது கையை நீட்டினார், நுனியில்லாத அந்த விரலோடு. "இந்தக் கை."

காளீஸ்வரி எழுந்துவிட்டாள். "இங்கேருங்க, நீங்க சும்மா இருங்க..."

"நீ இரி காளி. காலையிலேயே சொல்லியிருக்கணும். வாய் வரல."

மணிமுத்து கையில் பேப்பர் அப்படியே நின்றது. "நீரா? நீரு எப்படி வே மேல போனீரு?"

"ஏணியிலதான்."

"அட சண்டாளா! சூடத்த அடிச்சுச் சத்தியம் பண்ணினீரே! நான் பக்கத்துல நின்னேனே!"

"பண்ணினேன். மீறிட்டேன்."

"எதுக்கு வே? யாரு கேட்டா?"

பாண்டித்துரை காளீஸ்வரியைப் பார்க்கவில்லை. மச்சானைப் பார்த்தே பேசினார்.

"டியூப வாங்கிட்டு வந்த அன்னைக்கு இவ ஏணிய வச்சா மச்சான். நான் ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன். ரெண்டு படி ஏறுனா. எறங்குனா. முந்தானைய இடுப்புல சொருகிட்டு மறுபடி ஏறுனா. மூணாவது படியில கண்ண மூடிக்கிட்டு நின்னா. கண்ண மூடிக்கிட்டு! நான் கம்பத் தேடி எந்திரிக்கதுக்குள்ள எறங்கிட்டா. ஆனா டியூப ஏணிப் படியிலேயே வச்சிட்டுப் போனா. மறுநாள் கடையத்துக்குப் போனா. திரும்பி வந்தா ஏறுவா. இவள எனக்குத் தெரியாதா? ஏறுவா, ஏறி விழுவா." செருமிக்கொண்டார். "சாமிகிட்ட அப்புறம் பேசிக்கிடலாம்னு நான் ஏறிட்டேன்."

வெளியே அருவி இரைந்துகொண்டிருந்தது. மணிமுத்து தங்கையைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். பேப்பரை நாலாக மடித்துக் கட்டிலில் வைத்தார்.

"நல்ல சோடி" என்றார். "ஒண்ணு சாமிகிட்டப் பொய் சொல்லுது, இன்னொண்ணு கூடப்பொறந்தவன்கிட்டப் பொய் சொல்லுது. நடுவுல நான் ஒருத்தன் டேப்ப வச்சுக்கிட்டு..." மூக்கை உறிஞ்சினார். "ஏட்டி, துண்டு இருந்தாக் குடு. வந்தது வந்தாச்சு, அருவில தலையக் குடுத்துட்டு வாரேன்."

துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். இறங்கியவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "ஆனா சொன்னது சொன்னதுதான் மாப்ள. மூணு நாளு. ஒரு சொட்டு."

வண்டியில் இருவர் மட்டும் மிச்சம். காளீஸ்வரிக்கு அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் பொத்துக்கொண்டு வந்தது.

"விழுந்திருந்தா என்னவாயிருக்கும்? யோசிச்சீங்களா? வீட்டுல ஒரு ஈ காக்கா கிடையாது அன்னைக்கு. கூப்பிட்டாலும் யாருக்குக் கேக்கும்?"

"நீ விழுந்திருந்தா?"

"எனக்கு ரெண்டு காலும் நல்லாருக்கு."

"அதான் சொல்லுதேன். நல்லாருக்க கால ஒடச்சுக்கிடணுமா?"

அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அழுகைதான் ஜெயித்தது. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலையிலிருந்து குடைந்துகொண்டிருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"அண்ணன் என்னைய அந்தப் பேச்சுப் பேசும்போது ஏன் வாயத் தொறக்கல?"

பாண்டித்துரை கம்பைக் கட்டிலோரம் சாய்த்து வைத்தார்.

"நீ எனக்காகத்தான் பொய் சொல்லுதன்னு தெரிஞ்சுது. அப்படியே வாங்கிக்கிட்டு உக்காந்திருவோமேன்னு ஒரு ஆசை வந்துட்டு காளி. பங்குனியில இருந்து ஒங்கிட்ட வாங்கிட்டேதான இருக்கேன்? சோறு வாங்குதேன், மருந்து வாங்குதேன். இதையும் வாங்கிக்கிட்டா என்னன்னு தோணிச்சு. சோறு எறங்கல."

அவள் அவர் பக்கத்தில் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். இரண்டு பேர் உட்கார்ந்தால் முட்டி இடிக்கிற இடம். இடித்தது. அவள் நகரவில்லை.

"ஒரு விசயம் சொல்லு" என்றார் அவர் கொஞ்சம் கழித்து. "அடப்பு எப்படி இருந்துச்சு? எங்கனயாவது விட்டிருந்ததா?"

"விட்டிருந்தாத்தான் நல்லாருந்திருக்குமே! ஒரு பொட்டு விடல. பிரின்ஸுக்கு ரெண்டு பிளேடு ஒடஞ்சுது."

"அப்போ வேலை சுத்தம்."

"வேலை சுத்தந்தான். எடந்தான் தப்பு."

அவர் சிரித்தார். பங்குனிக்குப் பிறகு பல் தெரியச் சிரித்தது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது அவளுக்கு. ஆனால் போன் அடித்தது.

மதுரை அம்மா. பெயர் ஸ்ரீதேவி. ரயில் சத்தத்துக்கு நடுவே கத்திப் பேசினார்.

"அக்கா, ராஜபாளையம் தாண்டிட்டோம். கைப்புள்ள இருக்கு, ஆறு மாசம். ஏசி எல்லாம் நல்லா இருக்குல்ல? அப்புறம் ஒண்ணு, நாளைக்கு மலை மேல கூட்டிட்டுப் போயிருங்க, கேரளா பக்கம். எங்க வீட்டுக்காரரு அதுக்குன்னேதான் லீவு போட்டிருக்காரு."

காளீஸ்வரி கணவரைப் பார்த்தாள். அவருக்கும் கேட்டிருந்தது. மலையில் மண் சரிந்து கிடக்கிறது, ரோட்டை அடைத்திருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆடி மாதத்தில் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"தாயி, ஒளிக்காமச் சொல்லுதேன், கேளுங்க" என்றாள். "ஏசி ஒழுகிக்கிட்டுதான் இருந்துச்சு. இன்னைக்குத்தான் சரி பண்ணியிருக்கோம். இப்ப ஐந்தருவி வரைக்கும் ஓட்டிப் பாத்தாச்சு, ஒரு சொட்டு இல்ல. ஆனா மலை ஏத்த முடியாது. ஏத்துனா உள்ள ஒழுகினாலும் ஒழுகிரும். கைப்புள்ள வேற இருக்குங்கிய. குத்தாலத்துல எங்கன வேணாலும் கூட்டிட்டுப் போறோம், மலை மட்டும் கேக்காதிய."

அந்தப் பக்கம் ரயில் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அவரக் கேட்டுட்டுச் சொல்றேன்க்கா" என்ற குரல். போன் வைக்கப்பட்டது.

பாண்டித்துரை பெருமூச்சு விட்டார்.

"மண்ணு சரிஞ்சு கெடக்குன்னு சொல்லியிருக்கலாம்லா?"

"இன்னைக்கு ஒண்ணு சொன்னது போதும்" என்றாள் காளீஸ்வரி. "நாளைக்கு வெள்ளிக்கிழமை. நீங்க சுடலை முன்னாடி போயி நிக்கணும்லா? நானும் வாரேன். ரெண்டு பேரு குத்தத்தையும் சேத்தே சொல்லிருவோம். திட்டுனா ரெண்டு பேரையும் சேத்துத் திட்டட்டும்."

பாண்டித்துரை அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

மதுரை ரயில் அந்நேரம் சங்கரன்கோயிலை நெருங்கியிருக்கும். போன் இன்னும் அடிக்கவில்லை.